எட்கர் கொட்: கணக்கு எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு மனிதர்

புலம்பெயர்ந்த நாடுகளில் கணக்கு எழுதிப் பிழைக்கும் எம்மவர்கள் நிறையப் பேர். பலசரக்குக் கடை, உணவகம், நகைக்கடை, துப்புரவு நிறுவனம், லொறிக் கம்பனி என்று எங்கே வேலை செய்தாலும், எம் முன்னால் இருப்பது ஒரு கணினித் திரையும் அதற்குள் அட்டவணைகளாக அடுக்கப்பட்ட தரவுகளும்தான். ஊரில் வர்த்தகப் பிரிவில் படித்த காலத்தில் நாம் கண்டது தடித்த மட்டை போட்ட பேரேடு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், மாத முடிவில் பரீட்சை மீதி. இங்கே வந்தபின் எக்ஸெல் பழகினோம். அதற்கும் அப்பால் தரவுத்தள மென்பொருள் என்று ஒன்று வந்தபோது, அது கணினி படித்த பிள்ளைகளின் வேலை என்று தயங்குகிறவர்கள் எம்மிடையே இன்றும் உண்டு.

அந்த மென்பொருளுக்கு அடித்தளம் போட்டவரின் வாழ்க்கையை வாசித்தால் அந்தத் தயக்கம் பெருமளவு போய்விடும். நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் தன் தரவுகளிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடிய வேண்டும் என்பதற்காகவே அவர் அந்த வேலையைச் செய்தார். அவர் பெயர் எட்கர் பிராங் கொட். நண்பர்களுக்கு டெட் கொட்.

1923 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் பகுதியைச் சேர்ந்த போர்ட்லண்ட் தீவில் கொட் பிறந்தார். வீட்டில் ஏழு பிள்ளைகள், இவர் கடைசி. தந்தை தோல் பொருள் உற்பத்தியாளர், தாய் பாடசாலை ஆசிரியை. கெட்டிக்கார மாணவனாக இருந்தபடியால் புலமைப்பரிசில் கிடைத்து ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் எக்ஸெற்றர் கல்லூரிக்குப் போனார். முதலில் படித்தது இரசாயனவியல். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. படிப்பைக் காரணம் காட்டிப் போர்ச் சேவையைப் பிற்போட அவருக்கு வழி இருந்தது. அப்படிச் செய்யாமல் தானாகவே முன்வந்து பிரித்தானிய விமானப் படையில் சேர்ந்தார். கரையோரக் காவல் பிரிவில் சண்டர்லாண்ட் என்ற பெரிய கடல் விமானங்களை ஓட்டினார். போர் முடிந்ததும் திரும்பி வந்து, 1948 இல் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

அதே வருடம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஒக்ஸ்போர்ட் பட்டதாரிக்கு நியூயோர்க்கில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மேசிஸ் என்ற பெரிய அங்காடியில், ஆண்களுக்கான விளையாட்டு உடைகள் பிரிவில் விற்பனையாளர். பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எரிபொருள் நிலையத்திலும் உணவகத்திலும் நின்ற எமக்கு இந்த இடம் உடனே விளங்கும். பிறகு ரெனசி பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் கணிதம் படிப்பித்தார். 1949 இல் ஐ.பி.எம். நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் கணினி என்பது ஒரு மண்டபத்தையே நிரப்பும் இயந்திரம். மன்ஹற்றனில் தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியே வேடிக்கை பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்த அத்தகைய ஓர் இயந்திரத்துக்குத்தான் கொட் தன் முதல் நிரல்களை எழுதினார்.

ஆனால் அமெரிக்காவில் அவரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1950 இல் ஜோசப் மக்கார்த்தி என்ற செனற்றர், அரசாங்கத்துக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருப்பதாகக் கூட்டமொன்றில் அறிவித்தார். அதன்பின் சில வருடங்கள் அந்த நாட்டில் சந்தேகமே ஆட்சி செய்தது. யாரைத் தெரியும், எந்தக் கூட்டத்துக்குப் போனாய் என்று கேட்டு ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், அரச ஊழியர்கள் எனப் பலருடைய தொழிலைப் பறித்தார்கள். இதை வெறுத்த கொட் 1953 இல் கிளம்பிக் கனடாவுக்கு வந்துவிட்டார். ஒட்டாவாவில் ஒரு நிறுவனத்தில் தரவுச் செயலாக்கப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். யாரும் அவரைத் துரத்தவில்லை. விமானச் சீட்டு வாங்கி முறைப்படி வெளியேறக்கூடிய நிலையில் இருந்தவர் அவர். எமது வெளியேற்றமும் அவருடையதும் ஒன்றல்ல. ஆனாலும், பட்டியலைக் காட்டி மனிதரை மிரட்டும் நாட்டில் இருக்க மாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்ததை நாம் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

1957 இல், ஐ.பி.எம்.மில் இருந்த பழைய மேலாளர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததில் மறுபடியும் அமெரிக்காவுக்கும் அதே நிறுவனத்துக்கும் திரும்பினார். ஒரே கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்கச் செய்யும் முறையில் அவர் வேலை செய்தார். பிறகு நிறுவனத்தின் உதவியோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடியும் மாணவரானார். 1965 இல் முனைவர் பட்டம் பெற்றபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வயது போய்விட்டது என்று சொல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1960களின் கடைசியில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்துக்கு மாறினார். அங்கே அவர் கண்ட பிரச்சினையைக் கணக்காளருடைய மொழியில் சொல்லலாம். அந்நாளில் பெரிய நிறுவனங்களின் தரவுகள் மரக்கிளைபோல ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிடப்பட்டிருந்தன. ஐ.பி.எம். விற்ற ஐ.எம்.எஸ். என்ற மென்பொருள் அந்த வகை. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் ஏராளமான உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்க உருவானது அது. ஓர் இயந்திரம், அதற்குள் ஒரு பகுதி, அதற்குள் ஒரு திருகாணி என்று மேலிருந்து கீழே இறங்கிப் போவதற்கு மிக நல்லது. ஆனால் இந்தத் திருகாணி வேறு எந்தெந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று கீழிருந்து கேட்டால், அதற்கென்று வழி முன்கூட்டியே போடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரலாளர் ஒருவர் உட்கார்ந்து நீண்ட நிரல் எழுத வேண்டும். தரவு அடுக்கப்பட்ட விதத்தை மாற்றினால் பழைய நிரல்கள் வேலை செய்யாது. முதலாளிக்கு ஒரு கேள்வி வந்தால் விடை கிடைக்க நாட்களும் வாரங்களும் ஆகும்.

கொட் 1969 இல் நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கை எழுதினார். அதை விரிவாக்கி 1970 ஜூனில் அமெரிக்கக் கணினியியல் சங்கமான ஏ.சி.எம்.மின் சஞ்சிகையில் வெளியிட்டார். பதினொரு பக்கக் கட்டுரை. கணிதத்தில் தொடைகள் பற்றியும் தர்க்கம் பற்றியும் உள்ள கோட்பாடுகளை எடுத்துத் தரவுகளுக்குப் பொருத்தியிருந்தார். அதன் சாரம் இதுதான்: எல்லாத் தரவுகளையும் எளிய அட்டவணைகளாக வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அதை மட்டுமே குறிக்கும் ஓர் அடையாளம் இருக்கட்டும். ஓர் அட்டவணையை இன்னோர் அட்டவணையோடு இணைப்பதற்கு மறைவான கம்பிகள் வேண்டாம். இரண்டிலும் இருக்கும் பொதுவான பெறுமதியே போதும். தரவு இயந்திரத்துக்குள் எங்கே, எப்படிக் கிடக்கிறது என்பதைக் கேள்வி கேட்பவர் தெரிந்திருக்கத் தேவையில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். எப்படித் தேடுவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஒரு தமிழ்க் கடையை எடுத்துக்கொள்வோம். கடன் விற்பனை எல்லாவற்றையும் ஒரே எக்ஸெல் தாளில் எழுதுகிறோம். ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண், பொருள், விலை, தொகை. ஒருவர் அறுபது தடவை வாங்கினால் அவருடைய முகவரி அறுபது தடவை எழுதப்படும். அவர் வீடு மாறினால் அறுபது இடத்தில் திருத்த வேண்டும். ஐம்பத்தெட்டைத் திருத்தி இரண்டை விட்டுவிட்டால் எது சரி என்று பிறகு யாருக்கும் தெரியாது. அவருடைய விற்பனைகள் எல்லாவற்றையும் நீக்கினால் முகவரியும் அழிந்துபோகும். இன்னும் எதுவும் வாங்காத புது வாடிக்கையாளரை எழுதி வைக்க இடமே இல்லை. அத்தோடு எமது பெயர்கள். சிவகுமார் ஒரு நாள் சிவா, மறுநாள் எஸ். குமார். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடும், ஒன்று குறையும். தகப்பன் பெயர் முன்னுக்கு வந்தால் ஒருவர், பின்னுக்கு வந்தால் இன்னொருவர். கணினிக்கு இவர்கள் நான்கு பேர். கடன் நான்காகப் பிரிந்து கிடக்கும்.

கொட் காட்டிய வழியில் இதை மூன்று, நான்கு அட்டவணைகளாகப் பிரிக்கிறோம். வாடிக்கையாளர் ஓர் அட்டவணை. ஒருவருக்கு ஒரு வரி, ஓர் இலக்கம். பொருட்கள் இன்னோர் அட்டவணை. விற்பனைச் சிட்டைகள் மூன்றாவது. அதில் வாடிக்கையாளரின் பெயர் இல்லை, இலக்கம் மட்டும் இருக்கும். ஒரு சிட்டையில் உள்ள பொருட்கள் நான்காவது. வாடிக்கையாளர் அட்டவணையில் உள்ள இலக்கத்தை முதன்மைச் சாவி என்கிறோம். அதே இலக்கம் சிட்டை அட்டவணையில் வந்து உட்காரும்போது அதற்கு அந்நியச் சாவி என்று பெயர். வேறொரு வீட்டில் இருந்துகொண்டு தன் சொந்த வீட்டைக் காட்டும் சாவி அது. இனி அவர் வீடு மாறினால் ஒரே இடத்தில்தான் திருத்தம். ஒரு செய்தி ஒரு தடவைதான் எழுதப்பட வேண்டும் என்பதை, அடுத்து வந்த சில வருடங்களில் கொட் படிப்படியான விதிகளாக வகுத்தார். பாடநூல்களில் இயல்பாக்கல் என்று வருவது இதுதான்.

கணக்கு படித்த எமக்கு இது முற்றிலும் புதிதல்ல. பேரேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன நிரல் இருக்கும். நாளேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது என்று அதில் குறிப்போம். அந்தப் பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டே இரண்டு புத்தகங்களுக்கு இடையில் போய்வந்தோம். கடன்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, ஒரு எண் வைத்தோம். அந்நியச் சாவியின் தமையன் இந்தப் பக்க எண் என்று சொன்னால் தப்பில்லை. கணினி படித்த இளைஞர்களுக்கு இரண்டு வாரம் எடுக்கும் விளக்கம், பேரேடு எழுதியவருக்கு ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிடும்.

இவ்வளவு நல்ல யோசனையை அவருடைய சொந்த நிறுவனமே உடனே ஏற்கவில்லை. ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. வருமானம் தரும் பொருளுக்குப் போட்டியாகத் தாமே இன்னொன்றைக் கொண்டுவர யாருக்கு மனம் வரும்? வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. தரவுத்தளத் துறையில் முன்னோடியான சார்ள்ஸ் பாக்மன், தரவுகளுக்கு இடையில் நிரலாளரே வழி தேடிப் போகும் முறையை ஆதரித்தவர். 1974 இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த மாநாட்டில் இரு தரப்பும் நேருக்கு நேர் வாதாடின. அட்டவணை முறை கணிதத்தில் அழகாக இருக்கலாம், ஆனால் வேகமாக வேலை செய்யாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். கொட் பின்வாங்கவில்லை. பக்கக்கணக்கில் நிரல் தேவைப்பட்ட கேள்விகளை இரண்டு மூன்று வரிகளில் எழுதிக் காட்டுவது அவருடைய வழக்கம்.

கடைசியில் ஐ.பி.எம். சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்ற பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் டொனால்ட் சம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் என்ற இரு இளைஞர்கள் சாதாரண ஆங்கில வசனத்தைப் போன்ற ஒரு கேள்வி மொழியை உருவாக்கினார்கள். அதுதான் இன்றுவரை உலகெங்கும் உள்ள எஸ்.கியூ.எல். பொய்ஸ் 1974 இலேயே இளவயதில் காலமானார். பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்ரோன்பிரேக்கர் குழுவினர் இங்கிரஸ் என்ற மென்பொருளைக் கட்டினார்கள். ஐ.பி.எம். வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை வாசித்த லறி எலிசனும் கூட்டாளிகளும் 1979 இல் ஒராக்கிள் மென்பொருளைச் சந்தைக்கு விட்டார்கள். ஐ.பி.எம்.மின் சொந்தப் பொருள் 1981 இல்தான் வந்தது; புகழ்பெற்ற டி.பி.2 1983 இல். கட்டுரை வெளியாகிப் பதின்மூன்று வருடம்! அதற்குள் இன்னொருவர் அந்த யோசனையைக் கொண்டு பெரும் கம்பனியொன்றை வளர்க்கத் தொடங்கியிருந்தார். கொட்டுக்குக் கிடைத்தது கௌரவம். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருது 1981 இல் அவருக்கு வழங்கப்பட்டது.

1984 இல் ஐ.பி.எம்.மிலிருந்து விலகி, கிறிஸ் டேற், ஷரோன் வைன்பேர்க் ஆகியோருடன் ஆலோசனை நிறுவனம் நடத்தினார். ஷரோனை அவர் பின்னாளில் திருமணம் செய்தார். அந்த நேரத்தில் சந்தையில் எல்லா மென்பொருளும் தன்னைத் தொடர்புநிலைத் தரவுத்தளம் என்று சொல்லிக்கொண்டது. பழைய பொருளுக்குப் புதுப் பெயர்ப்பலகை போட்டவர்களும் உண்டு. 1985 இல் கொட் ஒரு வாரப் பத்திரிகையில் பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் உண்மையில் பதின்மூன்று. கணக்காய்வாளர் தர நியமங்களை வைத்துக்கொண்டு ஐந்தொகையைப் பரிசோதிப்பதுபோல, மென்பொருளைப் பரிசோதிக்க ஓர் அளவுகோல் அது. தன் யோசனையிலிருந்து பிறந்த எஸ்.கியூ.எல். மொழியையே அவர் விட்டுவைக்கவில்லை. ஒரே வரி இரண்டு தடவை வர அது இடம் கொடுக்கிறது என்று கண்டித்தார்.

அந்த விதிகளில் ஒன்று எமக்கு மிக நெருக்கமானது. தெரியாத தகவலுக்குத் தனியான அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது அது. வெற்றிடம் வேறு, பூச்சியம் வேறு. கடன் இல்லை என்பதும் கடன் எவ்வளவென்று தெரியாது என்பதும் ஒன்றல்ல என்பது கணக்காளருக்கு அரிச்சுவடி. அகதிகளுக்கு இது வாழ்க்கை. பிறந்த திகதி சரியாகத் தெரியாத எத்தனையோ நாட்டு அகதிகளுக்கு, படிவத்தில் வெற்றிடம் விட முடியாதபடியால் ஜனவரி 1 என்று எழுதப்பட்டது. தெரியாது என்று பதிய வேண்டிய இடத்தில் எழுதப்பட்ட அந்த நாளே பிறகு கடவுச்சீட்டிலும் ஓய்வூதியத்திலும் உண்மையாகிவிடுகிறது.

கொட்டின் வாழ்க்கையில் சர்ச்சையும் இருந்தது. 1993 இல், வியாபாரத் தரவுகளைப் பல கோணங்களில் அலசிப் பார்க்கும் மென்பொருள்களுக்குரிய விதிகளை வகுத்து அவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. அந்த வகை மென்பொருளை விற்கும் ஆர்பர் என்ற கம்பனியின் ஆதரவில் அது எழுதப்பட்டது என்று தெரியவந்தபோது பலர் குறை கூறினார்கள். அறிக்கையின் கருத்துகள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் கணக்காய்வு செய்பவர் யாரிடம் பணம் வாங்குகிறார் என்பதை நாம் கவனிப்பதுபோல இதையும் கவனிக்கத்தான் வேண்டும். எவ்வளவு நேர்மையாக உழைத்தவருக்கும் சுயாதீனம் பற்றிய கேள்வி எழும்.

2003 ஏப்ரல் 18 ஆம் திகதி, புளோரிடாவில் தன் வீட்டில், இதயம் செயலிழந்து 79 ஆவது வயதில் காலமானார். வங்கி அட்டையைப் போடும்போதும், விமானச் சீட்டுப் பதியும்போதும், கடையில் இருப்பு எவ்வளவென்று பார்க்கும்போதும் பெரும்பாலும் அவருடைய அட்டவணைகளிடம்தான் நாம் கேள்வி கேட்கிறோம். பேர்தான் பலருக்குத் தெரியாது.

இனி எமது விடயத்துக்கு வருவோம். கனடாவில் வியாபாரக் கணக்குகளை ஆறு வருடம் பாதுகாக்க வேண்டும். வரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்து, குறிப்பிட்ட ஒரு விநியோகத்தரிடம் மூன்று வருடத்தில் வாங்கியதெல்லாவற்றையும் காட்டு என்றால், தாள் தாளாகத் தேடுகிற கடைக்காரருக்கு இரவு நித்திரை வராது. தரவுத்தளத்தில் இருந்தால் அது ஒரு கேள்வி, ஒரு நிமிடம். மைக்ரோசொப்ட் அக்சஸ் போன்ற மென்பொருளிலேயே இதைப் பழகலாம். முதலில் கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வியாபாரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதுங்கள்: வாடிக்கையாளர், விநியோகத்தர், பொருள், சிட்டை, கொடுப்பனவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். பெயரைச் சாவியாக வைக்காதீர்கள். எது எதோடு தொடர்பு என்று கோடு போடுங்கள். அதன்பின் மென்பொருளில் அட்டவணைகளை அமைத்து, பத்து வரி மட்டும் இட்டு, எளிய கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். விடை கைக்கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பரீட்சை மீதி போட்டவர்களுக்கு இந்தப் பழக்கம் கையோடு வந்தது.

கடைக் கணக்கைவிட ஆபத்தான தரவும் எம்மிடம் இருக்கிறது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், தமிழ்ப் பாடசாலை ஆகியவற்றின் உறுப்பினர் விபரங்கள். பெயர், இங்குள்ள முகவரி, ஊர், கொடுத்த நன்கொடை, சில வேளைகளில் ஊரில் இருக்கும் உறவினர் விபரமும். இவை பெரும்பாலும் ஒரே எக்ஸெல் கோப்பாக மின்னஞ்சலில் கைமாறுகின்றன. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்பதை எமது தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பட்டியல் தவறான கையில் என்ன செய்யும் என்று அறிந்தவர்கள் நாம்.

கொட்டின் கட்டுரைத் தலைப்பிலேயே, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பெரிய தரவு வங்கிகள் என்ற கருத்து இருக்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பது பகிர்வு அல்ல. அவருடைய முறையில் கட்டப்பட்ட பெரிய மென்பொருள்களில் ஒரே தரவிலிருந்து ஆளுக்கொரு பார்வையை உருவாக்கலாம். பொருளாளர் சந்தாவைப் பார்க்கட்டும். விழாப் பொறுப்பாளர் தொலைபேசி எண்ணை மட்டும் பார்க்கட்டும். ஊர் விபரமும் நன்கொடை விபரமும் தனி அட்டவணையில், இருவருக்கு மட்டும் அனுமதியோடு இருக்கட்டும். தேவையில்லாத விபரத்தைச் சேர்க்காமலே விடுவது இன்னும் நல்லது. அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகத் தெரிவு முடிந்ததும், எமது பட்டியல் எங்கே இருக்கிறது, யார் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியையும் கேட்போம். அதற்கு விடை சொல்லக்கூடிய கணக்காளர் ஒருவராவது எமது ஒவ்வொரு சங்கத்திலும் இருக்க வேண்டும்.